மரத்தளத்தில் டைல்ஸ் ஒட்டும் முன்

கனடாவில் பெரும்பாலான வீடுகளில், பேஸ்மென்ட் தவிர, டைல்ஸுக்கு அடியில் கான்கிரீட் கிடையாது. ஜாய்ஸ்ட் எனும் மரச்சட்டங்கள், மேலே பிளைவுட், அவ்வளவுதான். டைல் வெடித்தால் எல்லோரும் பசையைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி தளத்தின் அசைவு.

முதலில் நடந்து பாருங்கள். கிறீச்சிடும் இடத்திலெல்லாம் ஜாய்ஸ்டுக்குள் இறங்கும்படி ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். 12 அடி ஜாய்ஸ்ட், பாரம் ஏறும்போது சுமார் 10 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது. மார்பிள், கிரானைட் என்றால் அதில் பாதிதான். ஜாய்ஸ்டுகளுக்கு நடுவில் பிளைவுட் அமுங்கினால் இன்னோர் அடுக்கு பிளைவுட் போதும். ஜாய்ஸ்டே வளைந்தால் பக்கத்தில் இன்னொரு சட்டம் சேர்த்துப் பலப்படுத்த வேண்டும். பிளைவுட் மேல் சிமெண்ட் போர்டு எனும் மெல்லிய சிமெண்ட் பலகை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது தப்புக் கணக்கு. அது டைல் ஒட்ட நல்ல பரப்பைத் தரும், வளைவை நிறுத்தாது.

அந்த போர்டையும் வெறும் ஸ்க்ரூவில் மட்டும் நிறுத்தாதீர்கள். கால் அங்குலப் பல் கரண்டியால் பிளைவுட்டில் தின்செட் எனும் சிமெண்ட் பசையை இழுத்து, அது ஆடை கட்டுவதற்குள் போர்டைப் பதித்து, 8 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ. ஜிப்சம் சுவர்ப் பலகைக்கான டிரைவால் ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம், தலை முறிந்துவிடும். பிளைவுட் இணைப்புக்கு நேர் மேலே போர்டு இணைப்பு வரக் கூடாது.

போர்டுகளுக்கு இடையே 1/8 அங்குலம் விட்டு, சிமெண்டின் காரத்தைத் தாங்கும் கண்ணாடியிழை நாடா ஒட்டித் தின்செட் பூசுங்கள். சுவரோரம் கால் அங்குல இடைவெளி விடுங்கள், அதை மட்டும் நிரப்பாதீர்கள். கோடை ஈரத்தில் மரம் உப்பிச் சுவரில் முட்டினால் டைல் கூடாரம்போல எழும்பும். அந்த இடைவெளியை, சுவரின் அடியில் அடிக்கும் பேஸ்போர்டு பலகை மறைத்துவிடும்.