கியூரி அருங்காட்சியகம்: காசே வாங்காமல் இவ்வளவா!

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். பாரிஸ் விமான நிலைய வாசலில் "டாக்ஸி, டாக்ஸி" என்று பெட்டியைப் பிடித்த ஆளை நம்பி ஏறினேன். மீட்டரே இல்லை. இறங்கும்போது 110 யூரோ கறந்துவிட்டார். ஆர்.ஈ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் ஏறியிருந்தால் நேராக நகருக்குள் லக்ஸம்பர்க் நிலையத்தில் இறங்கியிருக்கலாம். இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு போச்சு. இனி இலவசமாக எதைப் பார்க்கலாம் என்று தேடித்தான் கியூரி அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

மேரி கியூரி 1934 வரை வேலை செய்த கட்டடம். அவருடைய அலுவலக அறையை, கதிரியக்கம் போகச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அளவுக் கருவிகள்தான்.

1896இல் யுரேனியத்தின் கதிர் பிரெஞ்சு விஞ்ஞானி பெக்கரலின் போட்டோத் தகட்டைக் கறுக்க வைத்தது. சரி, எவ்வளவு கதிர்? கறுப்பைப் பார்த்துத் துல்லியமாகச் சொல்ல முடியாது. மேரி இரண்டு உலோகத் தட்டுகளை எடுத்துக்கொண்டார். கீழ்த்தட்டில் தாதுப்பொடி. கதிர் பட்டால் நடுவிலுள்ள காற்று மின்சாரம் கடத்தும். அதுவும் எவ்வளவு? ஒரு ஆம்பியரைப் பத்தாயிரம் கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு!

இங்கேதான் கணவர் பியரும் அவர் அண்ணன் ஜாக்கும் 1880இல் கண்டுபிடித்தது கைகொடுத்தது: குவார்ட்ஸை இழுத்தால் மின்னூட்டம் பிறக்கும். மெல்லிய குவார்ட்ஸ் பட்டையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, கையால் தாங்கியபடி கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தாதுவால் சேரும் மின்னூட்டத்தைக் குவார்ட்ஸ் சரிக்கட்டிக்கொண்டே வரும். மின்னூட்டத்தைக் காட்டும் எலெக்ட்ரோமீட்டரின் ஒளிப்புள்ளி அளவுகோலில் அசையவே கூடாது. எடை முழுதும் இறங்க எத்தனை நொடி ஆனது என்று மறு கையிலுள்ள நிறுத்துக் கடிகாரம் சொல்லும். நொடி குறைந்தால் கதிர் அதிகம். ஒளிப்புள்ளியில் கண், எடையில் ஒரு கை, கடிகாரத்தில் ஒரு கை! இதை நாள் முழுக்கச் செய்திருக்கிறார். அந்தப் பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

1898இல் பிட்ச்பிளெண்ட் என்ற யுரேனியத் தாது கதிரில் யுரேனியத்தையே மிஞ்சுகிறது என்று இந்த எண்தான் காட்டியது. சால்கோலைட் என்ற இன்னொரு யுரேனியத் தாதுவும் அப்படித்தான். அதைச் செயற்கையாகத் தயாரித்து அளந்தார். கூடுதல் கதிர் இல்லை. அப்படியென்றால் இயற்கைத் தாதுவுக்குள் வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது! ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம் என்று இரண்டு புதிய தனிமங்கள். தனியாகப் பிரித்தெடுக்கும் முன்பே, எண்ணைப் பின்தொடர்ந்து போய்ப் பிடித்துவிட்டார்கள்.

வழி, நேரம் எல்லாம் எழுத நினைத்தேன். மதியம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள், அது போதும். பக்கத்திலேயே பாந்தியோன், பிரான்சின் பெரியவர்களை அடக்கம் செய்யும் நினைவு மண்டபம்; கியூரி தம்பதி துயில்வது அங்கே. டிக்கெட் உண்டு. மதியச் சாப்பாட்டை விட்டாவது நாளைக்குப் போகிறேன்.