இடுப்பில் ஒரு கை, தண்டத்தில் ஒரு கை

அப்பா போனபின் ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது என்று சொந்தத்தில் மூத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். 2023 புரட்டாசியில் போனார். 2024 புரட்டாசியில் தலைத்திவசம் கொடுத்து, வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுக் கிளம்பி, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு அம்மா என்னிடம் கேட்டாள்: "இந்தத் தைப்பூசத்துக்குப் போகலாம்ல?" எங்கே என்று நான் கேட்கவில்லை. திண்டுக்கல்காரர்களுக்குத் தைப்பூசம் என்றால் பழனிதான்.

எங்கள் வீட்டுக்கு அதில் இன்னொரு கணக்கும் உண்டு. முப்பது வருஷமாகத் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அப்பா வீட்டில் இருந்ததே இல்லை. ஒட்டன்சத்திரம் தாண்டி, சாலையோர அன்னதானப் பந்தலில் ஒரு மர ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பாதயாத்திரை வருகிறவர்களின் கால்களைப் பார்ப்பார். எதிரே பெஞ்சில் அவர்களை உட்காரவைத்து, காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். வயதில் சின்னவர்கள் கூசிக் காலை இழுத்துக்கொள்வார்கள். "மலைக்குப் போற காலுப்பா, கொடு" என்பார்.

அப்பா 1968-ல், பத்தொன்பது வயதில் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தவர். அங்கேயே பிசியோதெரபி படிக்கவைத்து, பூனாவில் வேலைக்குப் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கை கால் இழந்தவர்களுக்காக 1944-ல் தொடங்கிய செயற்கை அவயவ மையம் அந்த ஊரில்தான் இருக்கிறது. 1971 போர் டிசம்பர் 3-ல் தொடங்கி 16-ல் முடிந்தது என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அப்பாவுக்கு அது 16-க்குப் பிறகுதான் தொடங்கியது. பாகிஸ்தான் எல்லையில் ஷகர்கர் பக்கம் கண்ணிவெடி வயல்களில் கால் போன பையன்கள் வந்துகொண்டே இருந்தார்களாம். அப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வந்தவர்களுக்கும் அதே வயதுதான்.

அந்தக் காலத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. பேசிய சிலவற்றில் ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத ஒரு சிப்பாய், ராத்திரியில் கால் கட்டைவிரல் அரிக்கிறது என்று அழுவானாம். கால் போன பிறகும் மூளை அதைத் தேடிக்கொண்டே இருக்கும், அந்த அரிப்பு பொய் இல்லை என்று அப்பா சொல்வார். "நீங்க என்ன செய்வீங்கப்பா?" என்று கேட்டேன். "மிச்சம் இருந்த காலைப் பிடிச்சுவிட்டுக்கிட்டே உட்கார்ந்திருப்பேன் பாப்பா. தூங்குற வரைக்கும்." பகலில் அதே காலுக்கு மேலே தளர்வாகவும் நுனியில் இறுக்கமாகவும் எட்டுப் போட்ட மாதிரி கட்டுப் போட வேண்டும். வீக்கம் வற்றிக் கால் சரியான வடிவத்துக்கு வந்தால்தான் செயற்கைக் கால் பொருந்தும். பிறகு இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்துவார்கள். "முதல்ல நிக்கணும். நடக்கிறதெல்லாம் அப்புறம்." இதை அவர் சொல்லி நான் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன்.

மனசு விட்டுப்போனவர்களிடம் முரளிகாந்த் பேட்கரைப் பற்றிச் சொல்வார். 1965 போரில் குண்டடி பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கம் போன சிப்பாய், 1972-ல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கியவர். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது அப்பா அந்தச் செய்தியைக் கத்தரித்து, பூஜை அறையில் பழனியாண்டவர் படத்துச் சட்டத்தில் செருகி வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பூனாவில் இருந்தவரை அவருக்குப் பழனி என்பது பார்வதி குன்றுதான். நூறு படிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அங்கே கார்த்திகேயனுக்கு ஒரு சந்நிதி உண்டு. மராட்டியத்தில் அவர் பிரம்மச்சாரி, பெண்கள் பார்ப்பதில்லை. கல்யாணமாகிப் போன புதிதில், மாதக் கிருத்திகையன்று அப்பா உள்ளே போய்வரும்வரை அம்மா வெளியே நின்றிருக்கிறாள். "எங்க ஊருல ரெண்டு பொண்டாட்டியோட நிக்கிறவரு, இங்க என்னைப் பார்க்க மாட்டேங்கறாரு" என்று சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாளாம். ஊருக்கு மாற்றிக்கொண்டு போனதும் முதலில் பழனிதான் என்று அப்பா அப்போது கொடுத்த வாக்கு, 1992-ல் அவர் ஓய்வு பெற்றபோதுதான் நிறைவேறியது.

திண்டுக்கல்லில் வீட்டு முன்னறையையே சிகிச்சை அறையாக மாற்றினார். ஒரு கட்டில், சுவரில் ஒரு கப்பிக் கயிறு, மணல் மூட்டைகள், மெழுகு ஒத்தடத்துக்கு ஒரு அடுப்பு. கரண்ட் வைக்கிற பெட்டி பின்னாளில் வந்தது. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, மிலிட்டரி ஐயா. உடற்பயிற்சிக்கு எண்ணும்போது மட்டும் அவருக்கு இந்திதான் வரும். ஏக், தோ, தீன். பக்கவாதம் வந்த கன்னிவாடிப் பாட்டி முதல் தோள்பட்டை இறுகிய மார்க்கெட் மூட்டைக்காரர் வரை எங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்து இந்தியில் எண்ணினார்கள். போலியோ பிள்ளைகளும் நிறையப் பேர் வந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வரும் தாய்மார்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. 1995-ல் சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கியபோது ஒவ்வொரு முகாமுக்கும் அப்பா தானாகப் போய் நின்றார். 2014-ல் இந்தியாவில் போலியோ இல்லை என்று அறிவித்த அன்று வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைக்கச் சொன்னார்.

பந்தலில் அவருடைய மருத்துவம் எளிமையானது. கொப்புளத்தை உடைக்க விடமாட்டார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்துத் துணி சுற்றிவிடுவார். கெண்டைக்காலில் குரக்களி பிடித்துக்கொண்டு ஆள் துடித்தால், முழங்காலை நீட்டச் சொல்லி, பாதத்தின் முன்பக்கத்தை மெல்ல மேல்நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொள்வார். சர்க்கரை நோயாளிகளிடம்தான் கறாராக இருப்பார். அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தால் சுட்டதும் தெரியாது, குத்தியதும் தெரியாது. "செருப்புப் போட்டா முருகன் கோவிச்சுக்குவான்னு யாரு சொன்னது? கால் போனா வருஷா வருஷம் எப்படி வருவீங்க?" என்று கேட்டு, தன் செலவில் வாங்கி வைத்திருக்கும் கேன்வாஸ் ஷூவை மாட்டிவிட்டுத்தான் அனுப்புவார்.

இவ்வளவு செய்த மனிதர் கடைசியில் தானே கட்டிலில் விழுந்தார். 2023 ஆவணியில் பக்கவாதம், வலது பக்கம். பேச்சும் குழறிவிட்டது. ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அசைய முடியாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகிலும் இடுப்பிலும் புண் வரும். பூனாவில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இரவெல்லாம் அவர் செய்த வேலை அது. இங்கே ராத்திரியில் யாரும் வரவில்லை. நானும் கண் அசந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் அப்பா இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துத் தன்னைத் தானே திருப்ப முயன்றுகொண்டிருந்தார். அந்தக் காட்சிக்காக நான் இன்றும் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறுநாளிலிருந்து அம்மாவும் நானும் செல்போனில் அலாரம் வைத்துத் திருப்பினோம். எந்தப் பக்கம், எந்தத் தலையணை எங்கே என்று அவர் கண்ணாலேயே சொன்னார். கடைசிவரை ஒரு புண் வரவில்லை. அம்மா தினமும் அவர் நெற்றியில் வைத்தது பழனி ராக்காலச் சந்தனம். இரவில் ஆண்டவன் திருமேனியில் சாத்தி, காலையில் எடுத்துத் தருவது. பிப்ரவரியில் பூசத்துக்குப் போனபோது அவரே வாங்கி வந்த பொட்டலம். அதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

2025 பூசம் பிப்ரவரி 11-ல் வந்தது. நாங்கள் நான்கு நாள் முன்னதாகவே கிளம்பினோம். திண்டுக்கல்லிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். நான் நடந்தேன். அம்மாவுக்கு எழுபது வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கிறது. தம்பி அவளை வண்டியில் பந்தலுக்குக் கூட்டி வருவதாக ஏற்பாடு. ரெட்டியார்சத்திரம் தாண்டும்போதே எனக்கு இடது குதிகாலில் கொப்புளம். பச்சை வேட்டிகளும் மஞ்சள் சேலைகளும் முன்னும் பின்னும் வரிசையாகப் போகின்றன. இருட்டினால் முதுகில் ஒட்டிய ஒளிப்பட்டைகள் மட்டும் மின்னும். யாரோ ஒருவர் "வெற்றிவேல் முருகனுக்கு" என்று தொடங்குவார், களைத்துப்போன கூட்டம் முழுக்க "அரோகரா" என்று எழும். நான் கோஷம் போடவில்லை. முன்னால் போகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன். சிறு வயதிலிருந்து அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு வேறெங்கே கண் போகும்?

பந்தலில் சாம்பார் சாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் ஸ்டூல் அங்கேயே இருந்தது. அதன்மேல் டம்ளர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு வருத்தமாக இல்லை. பொருள் என்றால் பயன்பட வேண்டும் என்பார் அவர். காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா, "மிலிட்டரி ஐயா இந்த வருசமும் வரலியா?" என்று பரிமாறுகிறவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நேரத்தில் ஒரு பையன், கல்லூரி வயதுதான் இருக்கும், கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு "நரம்பு இழுத்துக்கிச்சு" என்று கத்தியபடி கீழே சாய்ந்தான். நான் எழுந்திருப்பதற்குள் அம்மா டம்ளர்களை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவன் காலை மடியில் எடுத்து வைத்தாள். "நரம்பு இல்லப்பா, சதை. முட்டியை நீட்டு." பாதத்தை மெல்ல மேலே தள்ளிப் பிடித்தாள். அம்மா இதைச் செய்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நாற்பத்தைந்து வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அன்று இரவு பத்து மணிவரை அவள் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் விருப்பாட்சி, சத்திரப்பட்டி தாண்டி, கொய்யா குவித்து விற்கும் ஆயக்குடியும் தாண்டினேன். மலை தெரிந்ததும் கூட்டத்தில் பாதிப் பேர் அப்படியே ரோட்டில் விழுந்து கும்பிட்டார்கள்.

அடிவாரத்தில் முதலில் திருவாவினன்குடி. ஆறுபடை வீட்டில் மூன்றாவது என்று பாடப்பட்ட தலம் இதுதான். குழந்தை வேலாயுதரைப் பார்த்துவிட்டுத்தான் மலை ஏற வேண்டும் என்பது அப்பாவின் ஒழுங்கு. விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றன, அம்மா கேட்கவில்லை. கூட்ட நாட்களில் யானைப் பாதை வழியாக ஏற்றி, படிப்பாதை வழியாக இறக்குவார்கள். யானைப் பாதை சரிவாக வளைந்து போகும். முட்டி வலிக்காரர்களுக்கு முருகன் போட்டுவைத்த பாதை என்பார் அப்பா. அம்மாவிடம் அவருடைய ஊன்றுகோல். வலது முட்டிதான் அவளுக்கு அதிக வலி, அதனால் கோல் இடது கையில். வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில்தான் பிடிக்க வேண்டும். கோல் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். இதை எத்தனை பேருக்குத் திருத்திக் கொடுத்திருக்கிறார்!

செல்போனைக் கீழேயே ஒப்படைத்துவிட வேண்டும் என்பதால் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றோம். விடிகாலை விளா பூஜை நேரம். சாயரட்சையில் ராஜ அலங்காரம் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அப்பாவுக்கு ஆண்டிக் கோலம்தான் வேண்டும். போகர் நவபாஷாணத்தில் செய்ததாகச் சொல்லும் அந்தச் சின்னத் திருமேனி, ஒரு கோவணத்தோடு, வலது கையில் தண்டம், இடது கை இடுப்பில். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, ஒரு கோலை ஊன்றி நேராக நிற்கிற பிள்ளை. பூனாவில் முதல்முறை கம்பியை விட்டு ஊன்றுகோலோடு எழுந்து நிற்கும் ஒவ்வொரு சிப்பாயும் தனக்கு இப்படித்தான் தெரிந்தான் என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். அதன் பிறகு அந்தச் சந்நிதியில் என்னால் வேறெதையும் நினைக்க முடிந்ததில்லை. தீபாராதனை முகத்தருகே போனபோது அம்மா சத்தமாக அழுதாள். எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. "அப்பா நிக்கிறாரா?" என்று மட்டும் கேட்டேன். வரிசை நகர்த்திவிட்டது.

ராக்காலச் சந்தனம் கொஞ்சம் வாங்கிக்கொண்டோம்.

இறங்கும்போது படிப்பாதை. மொத்தம் 693 படி. இடும்பன் சந்நிதியில் சற்று உட்கார்ந்தோம். இரண்டு மலைகளைத் தோளில் சுமந்து வந்தவன். காவடி கட்டுகிறவர்களிடம் அப்பா, "ரெண்டு பக்கமும் ஒரே எடையா இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா இடுப்புப் போயிரும்" என்பது ஞாபகம் வந்து அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள். பிறகு கோலை ஊன்றி எழுந்தாள்.

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். நான் கையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். கோலைக் கீழ்ப்படியில் வைத்து, வலது காலை இறக்கி, அப்புறம் இடது காலை அதன் பக்கத்தில் சேர்த்தாள். அடுத்த படிக்கு அவள் உதடு அசைந்தது. அரோகரா சொல்கிறாள் என்று நினைத்துக் குனிந்து கேட்டேன்.

"ஏக்... தோ..."