வேல்ஸ் பயணம்: கான்வி கோட்டையிலிருந்து கெலின் ஏரி வரை

வட வேல்ஸுக்கு யார் போனாலும் முதலில் பார்ப்பது கோட்டைகளைத்தான். கான்வி, கார்னார்வன், ஹார்லெக், பியூமாரிஸ் என்ற நான்கும் 1986ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. இந்த நான்கையும் கட்டியது வேல்ஸ்காரர்கள் இல்லை. அவர்களை அடக்கி வைப்பதற்காக இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்ட் கட்டியவை. அதனால் கோட்டைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால், வென்றவன் கதையை மட்டும் கேட்டுவிட்டு வந்ததாகத்தான் ஆகும். தோற்றவர்கள் அதன் பிறகு என்ன ஆனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்துத்தான் கிளம்பினேன். லிவர்பூலில் இருக்கும் அக்காவும் அத்தானும் துணைக்கு வந்தார்கள். கார் அத்தானுடையது, வழி என்னுடையது.

லிவர்பூலிலிருந்து கான்வி கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். ஆற்றைக் கடக்கும்போதே எட்டுக் கொத்தளங்களோடு கோட்டை எதிரே எழுந்து நிற்கிறது. 1283இல் தொடங்கி நான்கே ஆண்டுகளில் கட்டி முடித்திருக்கிறார்கள். கோட்டையோடு சேர்த்து ஊரையே சுற்றி 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில், அதில் 21 கோபுரங்கள். அந்த மதில் மேல் இன்றும் நடக்கலாம். நடந்தோம். ஒரு பக்கம் கடலும் படகுகளும், இன்னொரு பக்கம் வீடுகளின் கூரைகளும் கொல்லைப்புறங்களும். அழகான நடைதான். ஆனால் அந்த மதில் எதற்கு என்று தெரிந்துகொண்டு நடப்பது வேறு மாதிரி இருக்கிறது. உள்ளே இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய ஆட்கள், வெளியே அந்த மண்ணில் பிறந்தவர்கள். மதிலுக்குள் வீடு வைக்கவும் வியாபாரம் செய்யவும் வேல்ஸ்காரர்களுக்குத் தடை இருந்தது.

மதில் கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு மடாலயம் இருந்தது. வேல்ஸ் மன்னர்களில் பெரியவர் என்று கொண்டாடப்படும் மகா லுவெலினை அடக்கம் செய்த இடம் அது. எட்வர்ட் துறவிகளை மேனான் என்ற ஊருக்கு அனுப்பிவிட்டு அங்கேயே கோட்டையைக் கட்டினான். வேல்ஸ் மக்கள் புனிதமாக நினைத்த இடத்தில் தன் கொடியை நட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று ஊர்ச் சதுக்கத்தில் அந்த லுவெலினுக்கு ஒரு சிலை வைத்திருக்கிறார்கள்.

அவருடைய பேரனும் லுவெலின்தான், லுவெலின் அப் கிரிஃபித். 1267இல் மூன்றாம் ஹென்றி இவரை வேல்ஸ் இளவரசர் என்று உடன்படிக்கை போட்டு ஒப்புக்கொண்டான். அடுத்து வந்த எட்வர்டுக்கு மண்டியிட்டு விசுவாசம் தெரிவிக்க இவர் போகவில்லை. 1277இல் படை வந்தது. அந்தப் படையின் காலாட்களில் பாதிக்கு மேல் வேல்ஸ்காரர்களே! சொந்தப் பங்காளிகளோடு இவருக்குத் தகராறு, பக்கத்து போவிஸ் நாட்டு இளவரசர்களுக்கு இவரைப் பிடிக்காது. இங்கிலாந்து ஒரு பக்கம், வேல்ஸ் ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாத சண்டை அது.

1282 டிசம்பர் 11ஆம் தேதி, கில்மெரி என்ற இடத்தில் லுவெலின் கொல்லப்பட்டார். தலையை வெட்டி லண்டன் கோபுரத்தில் வைத்தார்கள். மறு ஆண்டு தம்பி டேவிதை ஷ்ரூஸ்பரியில் குதிரையில் கட்டி இழுத்து, தூக்கிலிட்டு, உடலைத் துண்டாக்கினார்கள். இதையெல்லாம்விட என்னை உலுக்கியது லுவெலினின் மகள் குவென்லியன் கதை. 1282 ஜூனில் பிறந்தாள், பிரசவத்திலேயே தாய் இறந்தாள், அந்த ஆண்டு முடிவதற்குள் தகப்பனும் போனார். கைக்குழந்தையாக இருந்தவளை இங்கிலாந்தின் கிழக்கே லிங்கன்ஷயரில் உள்ள செம்ப்ரிங்ஹம் கன்னிமடத்துக்குக் கொண்டுபோனார்கள். அவளுக்கு ஒரு மகன் பிறந்துவிட்டால் இளவரசர் பரம்பரை தொடர்ந்துவிடும் என்ற பயம். 1337இல், 54 ஆண்டு வாழ்ந்து, அங்கேயே இறந்தாள். அக்கா இதைக் கேட்டுவிட்டு மதில் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கான்வியில் இன்னொரு சம்பவமும் உண்டு. 1401, புனித வெள்ளி. காவலர்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், தச்சு வேலைக்கு வந்ததாகச் சொல்லி நுழைந்த ஆட்களை வைத்து ரீஸ், கிவிலிம் என்ற சகோதரர்கள் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். இங்கிலாந்து ஆட்சிக்கு எதிராக ஒவைன் க்ளின்டூர் என்ற வேல்ஸ் தலைவர் தொடங்கிய கிளர்ச்சியில் சேர்ந்தவர்கள் அவர்கள். இவர்களுக்கு மரேடித் என்று ஒரு சகோதரன். அவன் கொள்ளுப்பேரன்தான் 1485இல் மில்ஃபோர்டு ஹேவன் பக்கம் கரை இறங்கி, போஸ்வொர்த் களத்தில் மூன்றாம் ரிச்சர்டை வீழ்த்தி, இங்கிலாந்து அரசனான ஏழாம் ஹென்றி. அந்தச் சகோதரர்களின் தகப்பனார் டூடர் பெயர்தான் அந்த அரச வம்சத்தின் பெயர். நம்ம ஆள் லண்டன் சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட்டான் என்று வேல்ஸ் கவிஞர்கள் பாடினார்கள். ஆனால் அவன் மகன் எட்டாம் ஹென்றி 1536இலும் 1543இலும் கொண்டுவந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தன. நீதிமன்றத்தில் ஆங்கிலம் மட்டும்தான், வேல்ஷ் மொழி மட்டும் பேசுகிறவனுக்கு அரசுப் பதவி கிடையாது. எட்வர்டின் கோட்டைகள் செய்யாததை இந்தச் சட்டம் செய்யப் பார்த்தது.

அப்புறம் கார்னார்வன். நான்கில் கம்பீரமானது இதுதான். மற்றக் கோட்டைகளின் வட்டக் கோபுரங்கள் இங்கே இல்லை. பல பட்டை கொண்ட கோபுரங்கள், நிறம் மாறி மாறி வரும் கல் வரிசைகள். கான்ஸ்டான்டிநோபிள் மதிலை நினைவில் வைத்துக் கட்டியது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எட்வர்டின் மகன் 1284இல் இங்கேதான் பிறந்தான், 1301இல் வேல்ஸ் இளவரசன் பட்டம் பெற்றான். ஆங்கிலம் ஒரு சொல்கூடப் பேசாத இளவரசனைத் தருகிறேன் என்று சொல்லி எட்வர்ட் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினான் என்று ஒரு கதை உண்டு. அது 16ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் வருகிறது, நம்ப வேண்டியதில்லை. 1969 ஜூலை முதல் தேதி சார்ல்ஸுக்கு இளவரசர் பட்டம் சூட்டியதும் இந்த முற்றத்தில்தான். அதற்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. முந்தின இரவு அபெர்கெலி என்ற ஊரில் வெடிகுண்டு கொண்டுபோன இரண்டு பேர், அது கையிலேயே வெடித்து இறந்தார்கள்.

கோட்டையை விட்டு வெளியே வந்தபோதுதான் எனக்கு உண்மையான சந்தோஷம். பேக்கரியில், பேருந்து நிறுத்தத்தில், பள்ளி விட்டு ஓடி வந்த பிள்ளைகளிடத்தில் எல்லாம் வேல்ஷ்தான். ஆங்கிலேயர்களைக் குடியேற்றுவதற்காகவே கட்டிய ஊர் இது. இன்று நாட்டிலேயே வேல்ஷ் மொழி மிக அதிகமாகப் புழங்கும் ஊர்களில் ஒன்று. மதில் அப்படியே இருக்கிறது. உள்ளே வாழ்வது வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள்.

மொழி எப்படிப் பிழைத்தது என்ற கேள்விக்குப் பதில் தேடித்தான் பென்மாக்னோ பக்கம் ஒரு குறுகலான மலைப்பாதையில் போனோம். டீ மாவர் வைபர்னன்ட் என்று ஒரு கல் வீடு. பிஷப் வில்லியம் மோர்கன் பிறந்த இடம். 1563இல் நாடாளுமன்றம் பைபிளை வேல்ஷில் பெயர்க்க உத்தரவிட்டது. அதற்குச் சட்டத்திலேயே எழுதி வைத்த ஒரு நோக்கம், இரண்டு பைபிளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மக்கள் சீக்கிரம் ஆங்கிலம் கற்றுக்கொள்வார்கள் என்பது. நடந்தது நேர்மாறு. 1567இல் வில்லியம் சேல்ஸ்பரி முன்நின்று புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். 1588இல் மோர்கன் முழு பைபிளையும் அச்சிட்டார். அச்சுக்கூடத்தில் யாருக்கும் வேல்ஷ் தெரியாது என்பதால் லண்டனிலேயே தங்கிப் பிழை திருத்தினார். பதவியும் நீதிமன்றமும் பறிபோன மொழி ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் கம்பீரமாக ஒலித்தது. பாமரனும் அதில்தான் எழுத்துக் கற்றான். என்னைக் கேட்டால் அந்த மலைப்பகுதியின் மிகப் பெரிய கட்டடம் இந்தச் சின்ன வீடுதான். அந்த 1588 பதிப்பின் ஒரு பிரதியும் பல மொழி பைபிள்களும் உள்ளே இருக்கின்றன. எல்லா நாளும் திறப்பதில்லை, பார்த்துக்கொண்டு போங்கள்.

மொழி பிழைத்தது என்றாலும் அவமானம் நிற்கவில்லை. 1846இல் வேல்ஸ் பள்ளிகளை ஆராய வந்த மூன்று அதிகாரிகளுக்கும் வேல்ஷ் தெரியாது. மொழியும் மக்களின் ஒழுக்கமும் சேர்ந்து கேடு என்று 1847இல் அறிக்கை எழுதினார்கள். பல பள்ளிகளில் வேல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையை மாட்டினார்கள். அடுத்து பேசுகிற பிள்ளைக்கு அது மாறும், நாள் முடியும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. இதைச் செய்த ஆசிரியர்களில் பலர் வேல்ஸ்காரர்களே. ஆங்கிலம் தெரிந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று பெற்றோரும் சம்மதித்தார்கள். அதைத்தான் என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை.

அடுத்து ட்ரவரின் பள்ளத்தாக்கு. பாலா என்ற ஊரைத் தாண்டி ஏ4212 சாலையில் போனால் இடது பக்கம் ஒரு பெரிய ஏரி வரும், கெலின் ஏரி. இதன் அடியில் கேபல் கெலின் என்ற ஊர் இருக்கிறது. பள்ளிக்கூடம், தபால் நிலையம், தேவாலயம், இடுகாடு, பன்னிரண்டு வீடுகளும் பண்ணைகளும். முழுக்க வேல்ஷ் பேசிய ஊர். தன் நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் வேண்டும் என்று லிவர்பூல் மாநகராட்சி இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது. உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படாதபடி நேராக நாடாளுமன்றத்தில் தனி மசோதா கொண்டுபோனது. 1956 நவம்பரில் ஊர் மக்கள் பிள்ளைகளோடு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். உங்கள் வீடுகள் பத்திரமாக இருக்கின்றன, எங்கள் வீடுகளை மூழ்கடிக்காதீர்கள் என்பதுதான் அவர்கள் வைத்த கோரிக்கை. 1957இல் மசோதா நிறைவேறியது. வேல்ஸின் 36 எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை, இருந்தும் நிறைவேறியது. 1965 அக்டோபரில் அணையைத் திறந்தார்கள். 48 பேர் வீடிழந்தார்கள். இடுகாட்டில் எட்டு உடல்களைத் தோண்டி வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் கான்கிரீட்டுக்கும் தண்ணீருக்கும் அடியில் இருக்கிறார்கள்.

கரையில் ஒரு நினைவுத் தேவாலயம் இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றபோது அத்தான் விளக்கினார். இந்த அணை டீ ஆற்றின் நீர்வரத்தைச் சீராக வைத்திருக்கிறது, கீழே செஸ்டர் பக்கம் அந்த ஆற்றிலிருந்து எடுக்கும் தண்ணீர் லிவர்பூலுக்குப் போகிறது.

“இந்தத் தண்ணியைத்தானாடா நாங்க இத்தனை வருஷமா குடிக்கிறோம்?” என்றாள் அக்கா. எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை.

லிவர்பூல் மாநகராட்சி 2005இல் மன்னிப்புக் கேட்டது. அணை திறந்து ஒரு வருடம்கூட ஆகாமல், 1966 ஜூலையில் கார்மார்தன் இடைத்தேர்தலில் வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் க்வின்ஃபோர் எவன்ஸ் ஜெயித்து, அந்தக் கட்சியின் முதல் எம்.பி. ஆனார். பின்னாளில் வேல்ஷ் மொழித் தொலைக்காட்சிக்காகச் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தவரும் அவர்தான். அரசு இறங்கி வந்தது, 1982இல் எஸ்4சி என்ற வேல்ஷ் மொழி அலைவரிசை ஒளிபரப்பைத் தொடங்கியது. ‘ட்ரவரினை மறக்காதே’ என்ற வாசகத்தை அபெரிஸ்ட்வித் பக்கம் சாலையோரச் சுவர் ஒன்றில் ஒருவர் எழுதினார். இன்று அது வேல்ஸ் முழுவதும் சுவர்களில் இருக்கிறது. கோடை வறண்டால் ஏரியில் ஊரின் எச்சங்கள் தெரியும்.

ஹார்லெக் கோட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1404இல் க்ளின்டூர் பிடித்துத் தன் இருப்பிடமாக வைத்துக்கொண்ட கோட்டை. 1409இல் வீழ்ந்தபோது அவர் மனைவியும் மகள்களும் சிறைப்பட்டு லண்டன் போனார்கள். மேலே நின்றால் ஸ்னோடோனியா மலைகள் தெரியும். அதற்காகவே ஏறலாம்.

அங்கிருந்து தெற்கே மகன்லெத். க்ளின்டூர் 1404இல் நாடாளுமன்றம் கூட்டிய ஊர். அது நடந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் ஒரு பழைய கல் கட்டடம் அவர் நினைவிடமாக இருக்கிறது. 1406இல் பக்கத்துப் பெனல் கிராமத்திலிருந்து பிரெஞ்சு அரசனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். வேல்ஸுக்குத் தனித் திருச்சபை, வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு பல்கலைக்கழகங்கள் என்று அதில் கேட்டிருக்கிறார். போர் நடக்கும்போது பல்கலைக்கழகத்தைப் பற்றி யோசித்த தலைவர் என்பதால் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை. கிளர்ச்சி தோற்றது, அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை, யாரும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. முதல் பல்கலைக்கழகக் கல்லூரி 1872இல்தான் அபெரிஸ்ட்வித்தில் வந்தது. வேல்ஸுக்கென்று மீண்டும் ஒரு மன்றம் அமைய 1997 வாக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆதரவு 50.3 சதவீதம், வித்தியாசம் 6,721 ஓட்டு.

திரும்பும் வழியில் வெல்ஷ்பூலில் போவிஸ் கோட்டைக்கும் போனோம். லுவெலினுக்கு எதிராக நின்ற அந்தப் போவிஸ் இளவரசர்களின் கோட்டை இது. பின்னாளில் ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் இந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தார். அவர் 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது அந்தக் காலத்தில்தான். திப்பு சுல்தானின் பூவேலைப்பாடு கொண்ட கூடாரமும், சிம்மாசனத்தில் பதித்திருந்த பொற்புலித் தலை ஒன்றும் இங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. அந்தக் கூடாரத்தைக் குடும்பத்தார் தோட்ட விருந்துகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. மழைக்கு உடுப்பு இல்லாமல் போகாதீர்கள். நேரம் குறைவு என்றால் நான்கு கோட்டைகளையும் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, கான்வியும் கார்னார்வனும் போதும். மிச்சமாகும் நேரத்தை பென்மாக்னோ வீட்டுக்கும் கெலின் ஏரிக்கும் கொடுங்கள். இரண்டுக்கும் சொந்தக் கார் இருந்தால்தான் வசதி.