அம்பிரல்லா கம்பெனிய ஏஜென்சியே முடிவு பண்ணலாமா?

மலேசியா சுங்கை சிப்புட்ல இருந்துக்கிட்டு லண்டன் சம்பளக் கதை எதுக்குன்னு கேப்பீங்க, அக்கா மகன் அங்க கான்ட்ராக்ட்ல ஐடி வேலை செய்றான், அவன் பொலம்பல்தான் இது. வேலைக்கு ஆள் அனுப்புற ஏஜென்சி மூணு அம்பிரல்லா கம்பெனி பேர குடுத்து இதுல ஒன்ன எடு, இல்லன்னா வேலை இல்லங்கிறாங்களாம்.

அம்பிரல்லான்னா, பேருக்கு முதலாளி. ஏஜென்சி குடுக்கிற காச வாங்கி வரிய புடிச்சிக்கிட்டு மிச்சத்த சம்பளமா போடுவாங்க. ஆனா முதலாளி கட்டவேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸும் (நம்ம சொக்சோ, ஈபிஎஃப் மாதிரி அரசாங்கத்துக்கு கட்டுற சந்தா) அதே காசுல இருந்துதான் போகுது, 2025 ஏப்ரல்ல அது 13.8லருந்து 15 சதவீதம் ஆயிடுச்சு, அதுக்கு மேல அவங்க மார்ஜின் வேற. பேசுன ரேட்டு ஒன்னு, கைக்கு வர்றது ஒன்னு.

ஏஜென்சி பக்கமும் நியாயம் இருக்குலா. சில அம்பிரல்லா சம்பளத்துல பாதிய கடன்னு எழுதி வரிய ஏமாத்துனாங்க, வருஷம் கழிச்சு பில்லு வந்தது வேலை செஞ்சவன் தலையில. 2026 ஏப்ரல்லருந்து அம்பிரல்லா வரி கட்டாம போனா ஏஜென்சிகிட்டயும் வசூல் பண்ணலாம்னு சட்டம், அப்ப தெரியாத கம்பெனின்னா பயப்படத்தானே செய்வாங்க. கான்ட்ராக்டர் ஈபிஎஃப் கட்டலன்னா என்ன கதின்னு தோட்டத்து ஆளுங்களுக்கு சொல்லியா தரணும்?

ஆனா லிஸ்ட்டுல பேர் போட ஏஜென்சி கமிஷன் வாங்குதுன்னா அது பாதுகாப்பு இல்ல, யாவாரம். லிஸ்ட் வெச்சிக்கட்டும், கமிஷன வெளிய சொல்லட்டும், அக்கா மகன் மாதிரி வேலை செய்றவன் கொண்டுவர்ற கம்பெனியையும் செக் பண்ணி பாஸானா விடட்டும்.

கையெழுத்துக்கு முன்னாடி கீ இன்ஃபர்மேஷன் டாக்குமென்ட் குடுக்கணும்னு 2020லருந்து அங்க ரூல் இருக்கு, பிடித்தம் எல்லாம் அதுல வரும், மூணு கம்பெனிக்கும் கேட்டு வாங்குடான்னு சொல்லியிருக்கேன்.