அத்தம் முதல் புலிகளி வரை: ஓண நாட்குறிப்பு

2024 செப்டம்பர் 6, வெள்ளி. அத்தம்

கேரளத்து ஓணத்தின் பத்து நாளில் முதல் நாள். மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு 1200, சிங்க மாதம் 21. திருக்காட்கரை வாமனமூர்த்தி கோயிலில் இன்று கொடியேற்றம், திருவோணத்தன்று ஆறாட்டு, அதாவது சுவாமியின் நீராட்டு. நம்மாழ்வார் பாடிய திருக்காட்கரை இதுதான். கொச்சி அரசர் பரிவாரத்தோடு திருப்பூணித்துறையில் பவனி வந்த அத்தச்சமயம் 1949இல் நின்றது. ஓணம் அரசு விழாவான 1961இல் மக்கள் ஊர்வலமாக மறுபடி தொடங்கியது. வயநாடு நிலச்சரிவால் இந்த ஆண்டு அரசின் ஓண வாரக் கொண்டாட்டம் கிடையாது. வீட்டு முற்றத்துப் பூக்களத்துக்கு (பூக்கோலத்துக்கு) அதனால் குறையில்லை.

பூக்களத்தில் முதல் வேலை தரைதான். பெருக்கி, நீர் தெளித்து, புதுச் சாணத்தைத் தண்ணீராகக் கரைத்து மெழுக வேண்டும். கெட்டியாகப் பூசினால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும், பூ அந்த வெடிப்புக்குள் இறங்கிவிடும். டைல்ஸ் தரையில் சாணம் பிடிக்காது. அங்கே நூலில் சாக்பீஸ் கட்டி வட்டம் போட்டுக்கொள்வதே நல்லது.

முதல் நாள் ஒரே சுற்று, அதுவும் தும்பை மட்டும். விடிவதற்குள் பறித்துவிட வேண்டும். நசுங்கினாலும் நனைந்தாலும் நிறம் மங்கும். முன்னாளிரவு பூ வாங்குகிறவர்கள் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கிறார்கள், காலையில் புழுங்கி நாற்றமெடுக்கிறது. செய்தித்தாளில் பரப்பி வைத்தால் போதும், தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு. சோதி

இன்றிலிருந்துதான் சிவப்புப் பூ. செம்பருத்தியும் வெட்சியும் களத்துக்குள் வரலாம். நாளுக்கொரு சுற்று கூடும். முக்குற்றி, காக்கப்பூ, அரிப்பூ எல்லாம் வேலியோரத்தில் கிடைத்த காலம் நகரங்களில் முடிந்துவிட்டது. இப்போது தோவாளையிலிருந்தும் குண்டலுப்பேட்டையிலிருந்தும் வரும் செண்டுமல்லியும் வாடாமல்லியும்தான் பெரும்பாலான களங்களை நிரப்புகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் ஓரத்தில் ஒரு கைப்பிடியாவது தும்பை இல்லாத களத்தை அத்தப்பூ என்று சொல்ல மனம் வருவதில்லை.

செண்டுமல்லி உதிர்க்கும்போது அடியிலுள்ள பச்சைக் காம்பைக் கிள்ளி எறிய வேண்டும். சேர்ந்துவிட்டால் மஞ்சள் பரப்பு அழுக்காகத் தெரியும்.

செப்டம்பர் 10, செவ்வாய். அனுஷம்

ஓணத்தின் கதையைப் பற்றி. பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் மகாபலியின் யாகம் நடக்கும் இடம் நர்மதையின் வடகரை, பிருகுகச்சம். மூன்றடி மண் கேட்ட வாமனன் இரண்டடியில் உலகங்களை அளக்கிறான். மூன்றாவது அடிக்குப் பலி தன் தலையைத் தருகிறான். குரு சுக்கிராச்சாரியார் தடுத்தும் வாக்கு மாறவில்லை. சுதல லோகம் அவனுக்குக் கிடைக்கிறது, வாசலில் காவலாக விஷ்ணுவே நிற்கிறார். ஆண்டுக்கொருமுறை குடிகளைப் பார்க்கத் திரும்பி வரும் மாவேலி, அதாவது அதே மகாபலி, அந்தப் பாகவதக் கதையில் இல்லை, அது மலையாளத்து மண் சேர்த்தது. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் பலிக்கு உரிய நாள் தீபாவளிக்கு மறுநாள் பாட்யமி.

அதனால் ஓணத்தில் ஒரு விசித்திரம். வரவேற்பு மாவேலிக்கு, முற்றத்தில் வைத்துப் பூசிப்பதோ அவனை அனுப்பிய வாமனனை. இரண்டும் முரண் என்று யாரும் நினைப்பதில்லை. மதுரைக்காஞ்சி சொல்லும் 'மாயோன் மேய ஓண நன்னாள்' திருமாலின் நாளாக மட்டுமே இருக்கிறது, மாவேலி அங்கே பேசப்படவில்லை.

செப்டம்பர் 12, வியாழன். மூலம்

பூக்கள வட்டம் இன்று சதுரமாகும். நான்கு மூலையையும் கயிறு பிடித்துக் குறித்துவிட்டுப் பூப்போடுங்கள், கண்ணளவில் போட்டால் கோணும்.

செப்டம்பர் 13, வெள்ளி. பூராடம்

திருக்காட்கரையப்பன், சில ஊர்களில் ஓணத்தப்பன். வாமனனாகப் பூசிக்கும், களிமண்ணில் செய்த நான்கு பட்டை உருவம். அடி அகன்று மேலே குறுகும், உச்சி தட்டையாக இருக்கும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக மூன்றோ ஐந்தோ வைப்பார்கள். திருச்சூர், பாலக்காடு பக்கம் குயவர்கள் செய்து விற்கிறார்கள். கூடவே முத்தியம்மை, அம்மி, ஆட்டுக்கல் உருவங்களும் உண்டு.

வீட்டில் செய்வதானால் இன்று தொடங்குவது தாமதம். வயல் களிமண்ணில் கல், வேர் நீக்கிப் பிசைந்து, சில நாள் முன்பே செய்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், பட்டையோரம் பிளக்கும். பூக்காம்பு செருகும் துளைகளை ஈரமாக இருக்கும்போதே ஈர்க்கால் குத்திவிடுங்கள். காய்ந்தபின் குத்தினால் உச்சி உடையும்.

செப்டம்பர் 14, சனி. உத்திராடம்

சந்தையில் கடைசி நாள் நெரிசல், உத்திராடப் பாய்ச்சல். குருவாயூரில் இன்று காழ்ச்சக்குலை: முற்றிய நேந்திரங்குலைகளைக் கொடிமரத்தடியில் சமர்ப்பிக்கிறார்கள்.

இன்றே முடிக்க வேண்டியவை: இஞ்சிக்கறி, காளன், உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்), சர்க்கரை வரட்டி (வெல்லம் பூசிய வறுவல்). காளன் புளித்த தயிரில் குறுகி வற்றுவதால் கெடாது, மறுநாள் ருசியும் கூடும். தேங்காய்ப்பால் சேரும் ஓலனையும் தேங்காய் அரைத்துச் சேர்க்கும் அவியலையும் நாளைக் காலைக்கு விடுங்கள்.

உப்பேரிக்கு நேந்திரங்காய் முற்றியிருக்க வேண்டும், பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. இனிப்பு ஏறிய காய் வேகுமுன் கறுத்துவிடும். தோல் நீக்கி மஞ்சள் நீரில் போட்டு, துடைத்து, தேங்காயெண்ணெயில் வறுக்கவும். சலசலப்பு அடங்கும் தறுவாயில் ஒரு கரண்டி உப்புநீரை எண்ணெயில் விட்டு, கொஞ்சம் விலகி நில்லுங்கள், பொங்கும். சத்தம் ஓய்ந்ததும் அரித்தெடுக்கலாம்.

அடைப்பிரதமன் என்ற பாயசத்துக்கு அரிசி அடை (அரிசிமாவில் செய்த மெல்லிய துண்டுகள்) 200 கிராம், வெல்லம் 400 முதல் 500 கிராம், தேங்காய் இரண்டு. அடையை முழுதாக வேகவைத்துக் குளிர்ந்த நீரில் அலசிய பிறகுதான் வெல்லப்பாகில் சேர்க்க வேண்டும். வெல்லம் பட்ட அடை அதன்பின் மேற்கொண்டு வேகாது. பெரும்பாலான பிரதமன்கள் கெடுவது இந்த இடத்தில்தான். பாகோடு நெய் விட்டு வரட்டி, தேங்காயின் மூன்றாம் பால், இரண்டாம் பால் என்று வற்றவிட்டு, அடுப்பை அணைத்தபின் முதல் பால். அது கொதித்தால் திரியும். சுக்கு, ஏலம், நெய்யில் வறுத்த தேங்காய்ப்பல் கடைசியில்.

செப்டம்பர் 15, ஞாயிறு. திருவோணம்

விடியுமுன் முற்றத்தில் அரிசிமாவுக் கோலம், அதன்மேல் நுனியிலையில் ஓணத்தப்பன், தலையில் தும்பைக்கொத்து, பூவடை நைவேத்தியம். 'ஆர்ப்போ இர்ரோ' குரல் வீட்டுக்கு வீடு எழும். ஆறன்முளையில் இதே விடியலில் திருவோணத்தோணி கரைசேர்கிறது: குமாரநல்லூரிலிருந்து கிளம்பும் மங்ஙாட்டு பட்டதிரி, காட்டூரில் அரிசியும் காய்கறியும் ஏற்றிய தோணியில் ஏறிப் பார்த்தசாரதி கோயிலுக்கு வருகிறார்.

விருந்தில் இலைநுனி இடப்பக்கம். இடதோரத்தில் உப்பேரி, சர்க்கரை வரட்டி, பழம், பப்படம். மேல்பாதியில் ஊறுகாயும் கறிகளும். சோற்றுக்கு முதலில் பருப்பும் நெய்யும், அடுத்து சாம்பார், பிறகு பாயசம், முடிவில் மோர். ரசம் எப்போது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு வேறு. சைவம்தான் முறை என்று தென்பக்கத்தார் அடித்துச் சொல்வார்கள். மலபாரில் பல வீடுகளில் மீனும் கோழியும் இலைக்கு வரும், அதுவும் ஓணம்தான்.

செப்டம்பர் 18, புதன்

திருச்சூர் நகர நடுவிலுள்ள ஸ்வராஜ் ரவுண்டு சாலையில் புலிவேடமிட்டு ஆடும் புலிகளி. முதலில் உடம்பு முழுக்க முடி மழிப்பு. பிறகு வண்ணப்பொடியை வார்னிஷில் குழைத்து ஒரு பூச்சு. அது காய மூன்று மணி நேரம்வரை ஆகும். காயாமல் இரண்டாவது பூச்சைப் போட்டால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதனால்தான் விடிகாலையிலேயே கையைக் கம்பத்தில் தாங்கிக்கொண்டு ஆடாமல் நிற்கிறார்கள். தொந்தியுள்ளவருக்கே புலிமுகம் வரைய வாகு, தாளத்துக்கு வயிறு குலுங்கும்போது புலி வாயைத் திறக்கும். இரவு ஆட்டம் முடிந்தபின் மண்ணெண்ணெய் தேய்த்துத்தான் வண்ணம் கழற்ற வேண்டும், சோப்புக்கு அது அசையாது.