மலை இறங்கியும் போகாத தீஞ்ச வாடை

கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கினா பிரேக் லேசா தீஞ்ச வாடை அடிக்கிறது சகஜம்தான், ஆனா காரவள்ளி தாண்டி சமரோட்டுல ஓட்டியும் வாடை போகல, வண்டி வேற இடது பக்கமா இழுத்துச்சு. ஓரங்கட்டி ஒவ்வொரு வீல் பக்கமும் கைய கொண்டுபோனா முன்னாடி இடது வீல் மட்டும் தோசைக்கல்லு கணக்கா கொதிக்குது (ரிம்ம தொட்டுடாதீங்க, தண்ணியும் ஊத்தாதீங்க, வீலோட சுத்துற பிரேக் டிஸ்க் கோணிக்கும்). ஆறவச்சு மெதுவா ஒர்க்‌ஷாப் போய் ஜாக்கி போட்டா வீல் சுத்தவே மாட்டேங்குது, காலிப்பர் (பிரேக் பேட டிஸ்க் மேல அழுத்துற பாகம்) நகர்ற பின் துருப்பிடிச்சு பேட் டிஸ்க்கோடவே உரசிக்கிட்டு இருந்திருக்கு. அந்த பின்னை சுத்தம் பண்ணி பிரேக் கிரீஸ் தடவி, ரெண்டு பக்க பேடும் மாத்தினோம், ஒரு பக்கம் மட்டும் மாத்தவே கூடாது. பிரேக் ஆயிலும் புதுசுதான், டாட் 4ங்கற வகை ஆயில் புதுசா இருக்கறப்ப 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறிட்டா 155லயே கொதிச்சிரும்.