இப்போ வேணாம்மா

வீட்டு மாடிகளுக்கு சோலார் பேனல் விற்கிறவன் நான். குடியாத்தத்து அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "கரண்டு நின்னா இது ஓடுமாப்பா?"

"அதுக்கு பேட்டரி வைக்கணும்மா. இப்போ வேணாம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன்.

இதில் பொய் எங்கே என்று பலமுறை தேடிவிட்டேன். பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வைத்தால் ஓடும், உண்மை. மத்திய அரசின் மானியம் பேனலின் அளவுக்குத்தான்: 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000. பேட்டரிக்கென்று தனியாக எதுவும் கிடையாது. அதுவும் உண்மை. செலவு ஏறினால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னேன். சரி, அந்த மாத டார்கெட்டுக்கு எனக்கு இரண்டு வீடு குறைந்திருந்தது.

நான் 'இப்போ வேணாம்' என்றது அவர் காதில் 'தேவையே இல்லை' என்று விழுந்திருக்கிறது. வீட்டிலிருந்த பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் எடைக்குப் போட்டுவிட்டார். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கத்திரி வெயிலில், மதியம் இரண்டு மணிக்குப் போன் வந்தது. "மேல வெயிலு கொளுத்துது, கீழ ஃபேனு சுத்தல. இன்னாப்பா கணக்கு இது?"

விளக்கினேன். லைனில் கரண்ட் நின்றதும் பேனலோடு நாம் வைக்கிற சோலார் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் மாடியில் உற்பத்தியாகிற மின்சாரம் கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் உயிருக்கே ஆபத்து. இதைத் தெளிவாகச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"லைன்மேன் உசுரு முக்கியந்தான். அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

3 கிலோவாட்டில் நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் வருகிறது. பில் அடியோடு குறைந்துவிட்டது, அதை அவரே சொன்னார். வேலூர் வெயிலுக்கு இதைவிட நல்ல உபயோகம் இல்லை என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் அவர் என்னிடம் கேட்டது பில்லைப் பற்றி இல்லையே.

அதற்கப்புறம் எல்லா வீட்டிலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். பேரணாம்பட்டில் ஒருவர், "அப்போ எதுக்கு?" என்று எழுந்து போய்விட்டார்.

போன வாரம் கே.வி.குப்பத்தில் ஒரு வீடு. பில் எவ்வளவு குறையும் என்று மட்டும்தான் கேட்டார்கள், கையெழுத்தும் போட்டார்கள். லைனிலிருந்து வருகிற கரண்டையும் மாடியிலிருந்து லைனுக்குப் போகிற கரண்டையும் கணக்கெடுக்கிற நெட் மீட்டரை வைப்பதற்குள் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.